சட்டத்துக்குக் கீழ்ப்படிவதுதான் முதல் கடமையா? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் அரசமைப்புச் சட்டம் பற்றிப் பேசப் போகிற இடமெல்லாம் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். சில நேரம் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பாமார். பேச்சுப் போட்டித் தலைப்பாக வந்தாலும் சரி, வீட்டுச் சண்டையில் கிளம்பினாலும் சரி, கேட்பது ஒன்றுதான்: குடிமகனுக்கு எது முதலில்? நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதுதான் முதல் கடமையா?

இல்லை. நான் செய்வதன் பாரம் அடுத்தவர் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் கடமை. சட்டத்தை மதிப்பது அதிலிருந்து பிறக்கிற கடமை. அதனால் அது சின்னக் கடமை ஆகிவிடாது. சிவப்பு விளக்கில் நிற்பது, வரி கட்டுவது, வரதட்சணை வாங்காமல் இருப்பது, பதினெட்டு வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசாமல் இருப்பது என்று எதை எடுத்தாலும், சட்டம் கேட்பதும் சக மனிதருக்கு நாம் செய்ய வேண்டியதும் ஒன்றாகவே இருக்கும். அன்றாட வாழ்க்கையில் முக்கால்வாசி நேரம் இப்படித்தான். இரண்டும் மோதுகிற இடத்தில்தான் எது முதல் என்ற கேள்வியே எழுகிறது. இந்தச் சீமையில் அப்படி மோதிய இடங்கள் நிறைய.

அரசமைப்புச் சட்டத்திலேயே கடமைகள் எழுதியிருக்கிறதே. அதில் முதல் கடமை இதுதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எடுத்து வாசித்துப் பாருங்கள். கடமைகள் 51அ பிரிவில் இருக்கின்றன. 1976-இல் 42-ஆவது திருத்தம் அவற்றைச் சேர்த்தது. அப்போது பத்து, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் கடமையை 2002-இல் சேர்த்ததும் பதினொன்று. முதல் கடமை, அரசமைப்புக்குக் கட்டுப்பட்டு அதன் இலட்சியங்களையும் நிறுவனங்களையும் தேசியக் கொடியையும் கீதத்தையும் மதிப்பது. அரசாங்கம் போடுகிற ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு உத்தரவுக்கும் கீழ்ப்படி என்று அங்கே எழுதவில்லை. அடிப்படை உரிமையை மீறுகிற சட்டம், மீறுகிற அளவுக்குச் செல்லாது என்று 13-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதாவது ஒரு சட்டம் தவறாக இருக்கக்கூடும் என்பதை நம் அரசமைப்பே எதிர்பார்த்திருக்கிறது.

இரண்டாவது கடமையில்தான் நான் எப்போதும் கொஞ்சம் நின்று பேசுவேன். விடுதலைப் போராட்டத்துக்கு ஊக்கம் தந்த உயர்ந்த இலட்சியங்களைப் போற்றிப் பின்பற்ற வேண்டும் என்கிறது அது. அந்தப் போராட்டம் எப்படி நடந்தது? உப்புச் சட்டத்தை மீறி, கூட்டத் தடையை மீறி, ராஜத்துரோகச் சட்டத்தில் சிறைக்குப் போய் நடந்தது. அப்படி மீறியவர்களின் இலட்சியத்தைப் போற்றுவது உன் கடமை என்று நாட்டின் தலையாய சட்டமே எழுதி வைத்திருக்கிறது. சட்டத்துக்குக் கீழ்ப்படிவதே எல்லாவற்றுக்கும் மேல் என்று சொல்பவர் இந்த வரிக்கு என்ன விளக்கம் தருவார்?

வ.உ.சி. வெள்ளைக்காரன் சட்டத்தைத்தானே மீறினார்? நம் சட்டத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியது.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை தொழிலால் வக்கீல். சட்டத்தை வைத்துச் சாப்பிட்டவர். கம்பெனியையும் முறைப்படி பதிவு செய்துதான் நடத்தினார். 1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவரும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். அப்புறம் வங்காளத் தேசியத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையாகிறார். அதைக் கொண்டாடக் கூடாது என்று கலெக்டர் தடுக்கிறார். கொண்டாடுகிறார்கள். மாவட்டத்தை விட்டு வெளியே போகச் சொன்னதற்கும் மறுத்துவிடுகிறார்கள். மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளிக்கிறது. நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் எரிகின்றன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் சாகிறார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது ஆண்டு என்று தீர்ப்பு எழுதுகிறார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனாலும் 1912 டிசம்பரில் அவர் வெளியே வருவதற்குள் கோவைச் சிறையில் செக்கு இழுத்து, கப்பல் கம்பெனியையும் வக்கீல் உரிமத்தையும் இழந்து, எல்லாம் போயிருந்தது.

இதில் நான் பார்க்கச் சொல்வது ஒன்றை மட்டும். அவருடைய மீறலின் பாரத்தை யார் சுமந்தார்கள்? அவர் சுமந்தார், அவர் குடும்பம் சுமந்தது. தடை உத்தரவை இருட்டில் மீறவில்லை; ஊரறிய மீறினார். பிடிக்க வந்தபோது ஓடி ஒளியவில்லை. பல ஆண்டு கழித்து உரிமம் திரும்பக் கிடைத்ததும், அதே நீதிமன்றங்களில் மறுபடி வக்கீலாக நின்றார். உரிமம் கிடைக்க உதவிய வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். சட்டத்தின் மேல் வெறுப்பு கொண்டவர் செய்கிற காரியமா அது?

வெள்ளைக்காரன் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அன்றைக்குச் சட்டம் செய்த சபையில் நமக்கு இடமில்லை. இன்றைக்கு ஓட்டு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அதனால் மீறுவதற்கு முன் நாம் தட்ட வேண்டிய கதவுகள் அதிகம். ஆனால் ஆள் மாறியதும் சட்டமும் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்கு அடுத்த கேள்வியே சாட்சி.

வ.உ.சி.யைத் தண்டித்த சட்டம் இன்னும் இருக்கிறதா?

அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவு, ராஜத்துரோகம். விடுதலைக்குப் பிறகும் புத்தகத்தில் இருந்தது. வன்முறையைத் தூண்டினால் மட்டுமே அது பொருந்தும் என்று 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. அப்படியிருந்தும் நூறு ஆண்டு கழித்து, அதே திருநெல்வேலி மாவட்டத்தில், இடிந்தகரையில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராகப் பட்டினிப் போராட்டம் நடத்திய மீனவர்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர் மேல் அந்தப் பிரிவு போடப்பட்டது.

அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே பேச்சில்லை. வேண்டும் என்பவரும் யோசித்துப் பார்க்கலாம்: கடற்கரை மணலில் பந்தல் போட்டு உட்கார்ந்த ஒரு கிழவி ராஜத்துரோகியா? 2013 மே 6 அன்று உலையை இயக்கலாம் என்று தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள் மேலுள்ள குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயலும்படியும் அரசுக்குச் சொன்னது. 2022 மே 11 அன்று 124அ பிரிவையே அந்த நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ராஜத்துரோகம் என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிக்கும் செயல்களுக்கு 152-ஆவது பிரிவு இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருப்பதும் குடிமகன் வேலைதான்.

அப்படியானால் வாஞ்சிநாதன் செய்ததும் சரியா?

இந்தக் கேள்வி செங்கோட்டைப் பக்கம் போனால் கட்டாயம் வரும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சி சுட்டுக் கொன்றார், தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் தன் உயிரைக் கொடுத்தார் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் இன்னொரு உயிரையும் எடுத்தார். பாரம் அடுத்தவர் மேல் விழக்கூடாது என்பது என் அளவுகோல் என்றால், வ.உ.சி.யையும் வாஞ்சியையும் ஒரே வரிசையில் வைக்க என்னால் முடியாது. மனம் வருந்துகிறவர்கள் இருப்பார்கள். இருந்தாலும் என் பதில் இதுதான்.

மனசாட்சி சொன்னது என்று ஆளாளுக்குக் கிளம்பினால் நாடு என்ன ஆகும்?

குட்டிச்சுவர் ஆகும். அதனால்தான் மனசாட்சி என்ற சொல்லை யார் சொன்னாலும் உடனே தலையாட்டக் கூடாது. 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில், அதே 124அ வழக்கில், காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டு அதிகபட்சத் தண்டனை கொடுங்கள் என்று கேட்டார். ஆறு ஆண்டு சிறை கிடைத்தது. மனசாட்சிக்காக மீறுகிறவர் இப்படித்தான் இருப்பார்: நாலு பேர் பார்க்க மீறுவார், யாரையும் தொடமாட்டார், தண்டனை வந்தால் ஏற்றுக்கொள்வார். இராத்திரி லாரியில் ஆற்று மணல் ஏற்றுகிறவருக்கும் ஏதாவது மனசாட்சி இருக்கலாம். ஆனால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்.

அம்பேத்கரே சத்தியாக்கிரகத்தைக் கைவிடச் சொன்னாரே?

சொன்னார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில். அரசமைப்பு வழிகள் இல்லாத காலத்தில் மறியலுக்கும் ஒத்துழையாமைக்கும் நியாயம் இருந்தது, அந்த வழிகள் திறந்துவிட்ட பிறகு இல்லை என்பது அவர் வாதம். 1927-இல் மகாடு குளத்தில் தண்ணீர் எடுக்கும் போராட்டத்தைத் தானே நடத்தியவர் சொன்னது என்பதால் அதற்குக் கனம் அதிகம்.

அவர் சொன்னதை நான் பெருமளவு ஏற்றுக்கொள்கிறேன். நம் பக்கத்திலேயே அதற்கு ஒரு வாழ்க்கை எடுத்துக்காட்டாக இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த ஆர். நல்லகண்ணு, கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் தலைமறைவாக இருந்து 1949-இல் கைதாகி, நெல்லை சதி வழக்கில் தண்டனை பெற்று, ஏழு ஆண்டு சிறையில் கழித்தவர். அதே மனிதர் 2010-இல், எண்பத்தைந்து வயதில், தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். தானே வாதாடினார். தடை வாங்கினார். கதவு திறந்திருந்தது, தட்டினார்.

ஆனால் கதவு திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள், கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கத்தான் போனார்கள். மனு கொடுப்பதைவிடச் சட்டத்துக்கு உட்பட்ட வழி எது இருக்கிறது? தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டுப் பதினேழு பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அரசமைப்பு வழியில் நட என்று குடிமக்களிடம் சொல்லும் உரிமை, அந்த வழியில் நடப்பவர்களைக் காப்பாற்றுகிற அரசாங்கத்துக்கு மட்டும்தான் இருக்கிறது.

எல்லாரும்தான் மீறுகிறார்கள். நான் மட்டும் ஒழுங்காக இருந்து என்ன ஆகப்போகிறது?

இதைக் கேட்பவர் விவசாயக் குடும்பமாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். கால்வாயைச் சொன்னால் போதும்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிற வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆறு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரிகிற கால்வாய்களை நம்பித்தான் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களும். கன்னடியன் கால்வாயின் தலைப்பகுதியில் ஒருவர் முறை இல்லாத நாளில் மடையைத் திறந்துகொள்கிறார் என்று வையுங்கள். அவர் வயலில் தண்ணீர் நிற்கும். அக்கம்பக்கத்தாருக்குக் கூட வித்தியாசம் தெரியாது. எங்கே தெரியும் என்றால் கடைமடையில் தெரியும். அங்கே கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் வெடித்துக் கிடக்கும். அந்த விவசாயிக்கு யார் மடையைத் திறந்தார் என்று தெரியாது. திறந்தவருக்கும் யார் வயல் காய்ந்தது என்று தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

சட்டம் எதற்கு இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இதற்குத்தான் என்பேன். நாம் பார்த்தே இராத கடைமடைக்காரருக்கு நாம் செய்ய வேண்டியதை நமக்கு நினைவூட்ட. எதிரே நிற்கிறவருக்குத் தீங்கு செய்ய நமக்கே கூச்சமாக இருக்கும். கண்ணில் படாதவர் விஷயத்தில் அந்தக் கூச்சம் வருவதில்லை. ஓடைப் புறம்போக்கில் சுவர் எழுப்புகிறவர், குளத்துக்கு வருகிற வாய்க்காலில் கட்டடக் கழிவைக் கொட்டுகிறவர், சாக்கடையை ஆற்றுக்குள் திருப்பி விடுகிறவர் யாருக்கும் கீழே இருக்கிற முகம் தெரிவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியபோது, அது தன் பழைய வழியைத் தேடித்தான் வந்தது என்பதைப் பல தெருக்காரர்கள் பார்த்தார்கள்.

எல்லாரும் மீறுகிறார்கள் என்பது உண்மையானால், கடைமடையில் இப்போதே ஒருவர் காய்ந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். உங்கள் மடையும் திறந்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் குறையும்.

ஹெல்மெட் போடாவிட்டால் யாருக்கு நஷ்டம்? என் தலைதானே?

தலை உங்களுடையது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் இராத்திரி முழுக்க உட்காரப் போவது உங்கள் அம்மா. போடுங்கள்.

எங்கள் ஊரில் சட்டத்தைவிட ஊர்க்கட்டுப்பாடு பெரிது. எதற்குக் கீழ்ப்படிவது?

நெல்லைச் சீமையில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். புத்தகங்களில் சட்டமா மனசாட்சியா என்று விவாதம் நடக்கிறது. நம் தெருக்களில் பெரும்பாலும் சட்டமா சாதியா என்றுதான் நடக்கிறது. இங்கே என் பதிலில் தயக்கம் எதுவும் கிடையாது: சட்டம். நூறு தடவை கேட்டாலும் சட்டம்.

சட்டம் எப்போதும் இந்தப் பக்கம் நின்றதில்லை. கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழையக் கூடாது என்று 1908-இல், அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலே தீர்ப்புச் சொன்னது, வ.உ.சி.க்குத் தண்டனை விழுந்த அதே ஆண்டு. சேரன்மகாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டபோது அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. 1924, 25-இல் தமிழ்நாடே அதை எதிர்த்துப் பேசியது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துப் போனார். அப்படிச் செய்தவர்களைப் பாதுகாக்கும் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. கால்கள் முதலில் நுழைந்தன, சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. 1950-இல் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

ஆகவே இன்றைய சட்டம் சும்மா வந்ததல்ல. பழைய சட்டத்தை மீறி அடிபட்டவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊர் சொல்கிறது, பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று மறுபடி பழைய இடத்துக்குப் போகிறவர், வ.உ.சி.யைப் போல நானும் சட்டத்தை மீறுகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனுடன் படித்த பிள்ளைகள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது. பதினேழு வயதுப் பிள்ளை கையில் கட்டியிருக்கிற கயிறு, அவன் யார் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறான் என்று சொல்கிறது. அந்தக் கயிற்றைக் கட்டிவிட்டது யார் என்று நாம் வீட்டுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கு ஒன்று: ஊர்க்கூட்டம் அபராதம் போட்டாலோ, ஊரை விட்டு விலக்கி வைத்தாலோ, அதற்குக் கட்டுப்பட வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. சட்டப்படி கல்யாண வயது வந்த இருவர் தங்கள் விருப்பப்படி கல்யாணம் செய்துகொள்ள எந்தப் பஞ்சாயத்தின் அனுமதியும் வேண்டாம்.

போலீஸ் சொல்வதெல்லாம் சட்டமா?

சட்டப்படி சொன்னால் சட்டம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்ற குற்றச்சாட்டில் கூட்டிப் போன தந்தையும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். அந்தக் குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்தாலும் அபராதத்தோடோ சில மாதச் சிறையோடோ முடிகிற விஷயம் அது. ஊரடங்கு விதியை மீறினாயா என்று கேட்டவர்கள், அதைவிடப் பெரிய சட்டங்களைக் காவல் நிலையத்துக்குள்ளேயே மீறினார்கள். அந்த இரவில் அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் தான் பார்த்ததைச் சொன்னார். சுற்றிலும் மேலதிகாரிகளும் சக காவலர்களும் இருக்கிற இடத்தில் சொன்னார். கீழ்ப்படிதல் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்மணிதான் நினைவுக்கு வருகிறார். அவர் யாருக்குக் கீழ்ப்படியவில்லை, எதற்குக் கீழ்ப்படிந்தார் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்கிறார்கள்.

சரி, என்னைக் கைது செய்தால், அல்லது நோட்டீஸ் வந்தால் என்ன செய்ய?

எதிர்த்து மல்லுக்கு நிற்க வேண்டாம். எதற்காகக் கைது என்று கேளுங்கள், சொல்லியாக வேண்டும். வீட்டாருக்குத் தகவல் போக வேண்டும். கைதுக் குறிப்பில் தேதியும் நேரமும் சாட்சி கையெழுத்தும் இருக்க வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் இவை. பயணநேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 22-ஆவது பிரிவு. அடித்திருந்தால் நடுவரிடமே வாய் திறந்து சொல்லுங்கள். பயந்துபோய், ‘நானேதான் கீழே விழுந்தேன்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் காட்டுவார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. இலவச சட்ட உதவி எண் 15100.